வியாழன் திதி, சனி மலை

1

மகள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று மலைகளைக் காட்டினாள். ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. எனக்கும் முதலில் விளங்கவில்லை. இங்கே மாரியில் பனியில் சறுக்குகிற மலைகள் இருக்கின்றன. கோடையில் பனி இல்லை. அதனால் அதே மலைகளில் சைக்கிள் விடுகிறார்கள். லிஃப்ட் என்று கம்பியில் தொங்குகிற கதிரை ஒன்று ஆளையும் சைக்கிளையும் மேலே கொண்டுபோய் விடும். அங்கேயிருந்து மரங்களுக்கு நடுவே, கல்லிலும் வேரிலும் துள்ளிக்கொண்டு கீழே வர வேண்டும். பிறகு திரும்பவும் கதிரை. பொழுதுபடும்வரை இதுதான். இதற்கு இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போகிறார்கள்.

மகளின் பெயர் ஆரணி. பதினேழு வயது. இந்த வருடம் பள்ளிக்கூடம் முடித்தாள். செப்டெம்பரில் வேறு ஊரில் பல்கலைக்கழகம். அங்கேயே தங்கப் போகிறாள்.

“முதலாவது பெரிசு. நிறையப் பாதை இருக்கு. ரெண்டாவது சின்னன், பிகினர்ஸுக்கு. மூண்டாவது கியூபெக். அதுதான் ரியல் மவுண்டன். ஏழு மணித்தியாலம் ஓடவேணும்.”

“எதுக்குக் கிட்ட ஆஸ்பத்திரி இருக்கு?”

“அப்பா!”

“பாத்துச் சொல்லு.”

தட்டிப் பார்த்தாள். “ரெண்டாவதுக்கு. டென் மினிட்ஸ்.”

“அப்ப ரெண்டாவது.”

“உப்பிடியோ ஆக்கள் பைக் பார்க் சூஸ் பண்ணுறவை?”

“நான் உப்பிடித்தான்.”

அவள் வாதாடவில்லை. அந்த இரண்டாவது மலையில் கோடையில் ஒரே ஒரு சனிக்கிழமை பெண்பிள்ளைகளுக்குத் தனியாகப் பழக்குகிறார்களாம். ஜூலையில், இன்னும் இரண்டு கிழமையில். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தாயோ தகப்பனோ நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

“நீங்கள் வரவேணும்” என்றாள். “ஃபுல் டே நிக்கவேணும். வருவீங்களோ?”

வாறன் என்றேன்.

2

என் மனைவி சுகந்தி போன வருடம் ஆனி மாதம் செத்தாள். வயிற்றில் புற்றுநோய். ஐந்து மாதம் இருந்தாள்.

என்னுடைய ஆங்கிலம் வேலைத்தலத்துக்குக் காணும். ஆஸ்பத்திரிக்குக் காணாது. மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஒருவரை எடுத்துத் தந்தார்கள். அவர் கதைத்தது இந்தியத் தமிழ். ஒரே வேகம். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆரணி, “நானே சொல்லுறன்” என்றாள். அதன் பிறகு டொக்டர் சொன்னது எல்லாம் அவள் வாயால்தான் எனக்கு வந்தது.

ஒரு நாள் எங்கள் இருவரையும் சின்ன அறை ஒன்றில் இருத்தினார்கள். டொக்டர் நீளமாகக் கதைத்தார். ஆரணி என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

“இனி மருந்து குடுக்க மாட்டினமாம். நோகாமல் பாப்பினமாம்.”

அப்போது அவளுக்குப் பதினாறு. பத்திரங்கள் வந்தன. அவள் விரல் வைத்த இடங்களில் கையெழுத்து வைத்தேன்.

செத்தவீடு முடிந்ததும் மலர் அக்கா எங்களை இருத்திச் சட்டம் சொன்னார். மலர் அக்கா சுகந்தியின் தமக்கை. விட்பியில் இருக்கிறார். ஆண்டுத் திவசம் முடியும்வரை கலியாணவீடு இல்லை. பிறந்தநாள் இல்லை. புது உடுப்பு இல்லை. மலை ஏறக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. அதனால் அந்தக் கடைசிச் சட்டத்தை நான் காதில் போடவில்லை.

“ஒரு வருசம் பொறு பிள்ளை” என்று ஆரணிக்குச் சொன்னேன்.

பொறுத்தாள். பதினேழாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவில்லை. பள்ளிக்கூடம் முடிகிற வருடம் இங்கே பிள்ளைகள் உடுத்திக்கொண்டு போய் ஆடுகிற விருந்து ஒன்று இருக்கிறது. புறொம் என்பார்கள். இந்த நாட்டுப் பெண்பிள்ளைகள் அதற்கு இரண்டு வருடம் முந்தியே சட்டை பார்த்து வைப்பார்கள். ஆரணி போகவில்லை. போகட்டோ என்று கேட்கவும் இல்லை.

சைக்கிள் மட்டும் ஓடினாள். டோனட் கடையில் வேலை செய்து தானே வாங்கிய சைக்கிள். பின்னேரங்களில் ரூஜ் ஆற்றுப் பக்கத்துக் காட்டுக்குப் போவாள். சேறோடு வருவாள். குளிப்பாள். நான் வைத்த சோற்றைச் சாப்பிடுவாள். “எப்பிடி?” என்பேன். “ஓகே” என்பாள். ஒரு வருடம் நாங்கள் கதைத்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆங்கிலத் திகதிக்கு வருடம் முடிந்தது. சுகந்தியின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தோம். அந்தக் கிழமைதான் ஆரணி மூன்று மலைகளையும் கொண்டுவந்தாள்.

3

சைக்கிள் எனக்குத் தெரியும். பிரேக் இல்லாத சைக்கிள். எங்கள் பக்கம் தரை தட்டை. நிற்க வேண்டும் என்றால் முன் ரயரில் செருப்புக் காலை வைத்து அழுத்துவோம். இடது செருப்புத்தான் முதலில் தேயும்.

சண்டை நடந்து பெற்றோல் இல்லாத காலம். விறகு, அரிசி, வருத்தக்காரர், சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில்தான் போனது. ஊரோடு இடம்பெயர்ந்தபோது அப்பாவைக் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். ஓட இடமில்லை. அவ்வளவு சனம். அப்பா என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். சில நாள் கழித்து நான் அரிசி தேடிப் போன நேரம் அப்பா செத்துப்போனார். திரும்பி வந்தபோது பாயால் மூடியிருந்தார்கள். அன்றைக்கு என்ன கிழமை என்று எனக்குத் தெரியாது. செவ்வாய் என்றார்கள். வேறு சிலர் புதன் என்றார்கள். கலண்டர் ஒருவரிடமும் இல்லை. பிறகு விசாரித்துப் பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் உலகம் முழுக்கச் சிதறிப்போனார்கள்.

நாள் தெரியாத தகப்பன்மாருக்கு ஆடி அமாவாசை இருக்கிறது. எல்லாரோடும் சேர்த்து அன்றைக்குத்தான் அப்பாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். முப்பது வருடமாகிறது.

4

ஞாயிற்றுக்கிழமை காலை மலர் அக்கா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, ஐயரோட கதைச்சிட்டன். வாற சனி இல்லை, அதுக்கு அடுத்த சனி. கோயிலில பத்து மணி. முடிய எங்கட வீட்டில சாப்பாடு. நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு.”

“என்னத்துக்கு அக்கா?”

“என்னத்துக்கோ? உமக்கென்ன விசரோ? என்ர தங்கச்சியின்ர ஆண்டுத் திவசம்.”

“வருசம் முடிஞ்சுதே. விளக்கு வச்சனாங்கள்.”

“அது வெள்ளைக்காரன்ர திகதி. திதி எல்லோ கணக்கு. ஆனித் தேய்பிறைத் தசமி. இந்த வருசம் பிந்தி விழுது.”

நான் கலண்டரைப் பார்த்தேன். அந்தச் சனிதான் மலை.

“கேக்குதோ?”

“கேக்குது.”

“வேட்டியைத் தோச்சு வையும். போன முறை மாதிரிக் கசங்கினதோட வராதையும்.”

5

ஆரணி வீட்டுக்குப் பின்னால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லுப் பூட்டிக்கொண்டிருந்தாள். மல்வேர்னில் எங்கள் வீடு வரிசை வீடு. பின்பக்கம் ஒரு பாய் அகலப் புல்தான்.

“சனிக்கிழமை அம்மான்ர திவசமாம்.”

“அது முடிஞ்சுதே.”

“திதி வேறயாம்.”

“மீனிங்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வளர்பிறை, தேய்பிறை. நிலவின் கணக்கு. ஒவ்வொரு வருடமும் முன்பின்னாகும். அவள் சில்லைப் பிடித்தபடி கேட்டாள்.

“சோ, அம்மா ரெண்டு நாள் செத்தவவா?”

“ஒரு நாள்தான். எண்ணுறது ரெண்டு விதம்.”

“நீங்கள் ஒரு வருசம் எண்டு சொன்னனீங்கள். நான் ஒவ்வொரு நாளா எண்ணினன்.”

“ஓம்.”

“மலை ஏறக் கூடாது எண்டு பெரியம்மா சொன்னவ. அதுக்கும் யோசிச்சனான். நான் ஏற இல்லை. லிஃப்ட்தான் ஏத்தும். நான் இறங்கிறது மட்டும்தான்.”

பகிடியாகத்தான் சொன்னாள். முகத்தில் பகிடி இல்லை.

“பரவாயில்லை அப்பா” என்றாள். “ஓகஸ்டில மேகன் ஆக்கள் கியூபெக் போகினம்.” மேகன் அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி. “அவளின்ர டாட் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அங்க ஃபோனிலயே சைன் பண்ணலாம். நீங்கள் வரத் தேவையில்லை.”

ஒருவருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு. திவசமும் நடக்கும். அவளுக்குப் பெரிய மலையும் கிடைக்கும். சரி என்று சொன்னேன். அவள் சில்லின் பக்கம் திரும்பிவிட்டாள்.

உள்ளே வந்து தேத்தண்ணீர் போட்டேன். குடிக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவள் என்னை ஒரு இடத்துக்கும் வரச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டது இந்தச் சனிக்கு மட்டும். செப்டெம்பருக்குப் பிறகு கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை.

6

அடுத்த நாள் வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். முந்திச் சாமான் அடுக்கி வைத்த கட்டிடம். ஒரு பக்கம் ரயர்க் கடை. மறுபக்கம் கதவு விற்கிற இடம். ஐயர் தனியாக இருந்தார்.

“ஐயா, திதி சனிக்கிழமைதானோ?”

போனைத் தட்டிப் பஞ்சாங்கம் பார்த்தார்.

“திதி வியாழன். உங்கட மச்சாள் அம்மாதான் சனிக்கிழமை கேட்டவ. இஞ்ச எல்லாரும் சனி, ஞாயிறுதானே கேக்கினம். சனத்துக்கு லீவு இல்லை.”

“வியாழனில செய்யலாமோ?”

“செய்யலாமோவோ? அதுதான் முறை.” பிறகு என்னைப் பார்த்தார். “ஆனா ஆர் வருவினம்?”

“நானும் மகளும்.”

“காணும். நானும் ஒராள் இருக்கிறன்.”

நான் வேலை செய்வது பாண் சுடுகிற தொழிற்சாலையில். பதினெட்டு வருடம். லீவு கேட்கச் சூப்பர்வைசரிடம் போனேன். நல்ல மனுசி. கணினியில் காரணம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். வருத்தம், குடும்பத்தில் சாவு, விடுமுறை. இந்த மூன்றுதான் இருக்கிறது. மனைவியின் சாவு என்று சொன்னேன். அவர் தட்டிப் பார்த்தார். மனைவியின் சாவுக்குப் போன வருடமே எடுத்தாயிற்று என்று கணினி சொன்னது. ஒரு ஆள் அதில் ஒரு முறைதான் சாகலாம்.

ஆண்டு, திதி, ஐயர் என்று விளங்கப்படுத்த எனக்கு ஆங்கிலம் இல்லை. “சேம் வைஃப், ஒன் இயர்” என்றேன். அவர் என் கையைத் தொட்டார். விடுமுறை என்பதை அழுத்தினார். உல்லாசமாகக் கழிக்கும்படி கணினி அச்சடித்துத் தந்தது.

7

தொலைபேசியில் சொல்வது சரியில்லை என்று விட்பிக்குப் போனேன். புது வீதிகள். எல்லா வீடும் ஒரே வீடு. இலக்கம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலர் அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, திவசத்தை வியாழக்கிழமை செய்யிறன்.”

“வியாழன் ஆர் வருவினம்? எல்லாருக்கும் வேலை.”

“திதி வியாழன்.”

“எனக்குத் தெரியாதோ? வந்த நாட்டில ஏலுமான மாதிரித்தானே செய்யவேணும்.”

“சனி எனக்கு ஏலாது. ஆரணியை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

“எங்க?”

எனக்குப் பொய் உடனே வராது. “சைக்கிள் ஓட” என்றேன்.

கத்தியை வைத்தார்.

“சைக்கிள்?”

“ஓம். மலையில.”

“மலையிலயோ! பெத்த தாயின்ர திவசத்தை விட்டிட்டு அவள் மலையில சைக்கிள் விடப் போறாள். அதுக்கு நீர் நாளை மாத்துறீர். சனம் என்ன கதைக்கும்?”

“நாளை மாத்தினது நீங்கள் அக்கா.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்:

“என்ர அப்பா செத்த நாள் எனக்குத் தெரியாது. எல்லாரோடயும் சேத்துப் பொதுவாத்தான் செய்யிறன். சுகந்திக்கு நாள் தெரியும். நேரமும் தெரியும். நான் பக்கத்தில இருந்தனான். தெரிஞ்ச நாளில செய்யவேணும் அக்கா.”

ஒரு வருடத்தில் நான் ஒரே மூச்சில் கதைத்த நீளமான கதை அதுதான்.

“அப்ப நாப்பது பேருக்கு நான் என்ன சொல்லுறது?”

“சனி நீங்கள் சாப்பாடு குடுங்கோ. அவ உங்கட தங்கச்சி.”

“புருசனும் பிள்ளையும் இல்லாமலோ?”

“ஓம்.”

“போம்” என்றார். வெங்காயத்தை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. வெங்காயமா, நானா என்று தெரியாது.

சுகந்தி படுத்துக் கிடந்த ஐந்து மாதமும் கிழமைக்கு மூன்று நாள் ரயிலும் பேருந்தும் மாறி வந்தவர் மலர் அக்கா. அவளைக் குளிப்பாட்டியது, நகம் வெட்டியது எல்லாம் அவர்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கார் ஓடும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஆரணிக்குச் சொன்னேன். “வியாழன் காலமை கோயில். சனி மலை. ரெண்டுக்கும் ரெண்டு பேரும் போறம்.”

“பெரியம்மா?”

“கதைச்சிட்டன்.”

“என்ன சொன்னவ?”

“போம் எண்டவ.”

8

வியாழக்கிழமை கோயிலில் நாங்கள் மூன்று பேர். ஐயர் தர்ப்பையை முறுக்கி என் விரலில் போட்டார். பெயர் கேட்டார். சுகந்தி என்றேன். நட்சத்திரம் சொன்னேன். எள், தண்ணீர், சோற்று உருண்டை. பக்கத்து ரயர்க் கடையில் யந்திரம் கத்தியது. ஐயர் அது ஓயும்வரை பொறுத்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.

“பிள்ளையும் விடட்டும்” என்றார். ஆரணி முட்டி போட்டு இருந்து என் கைக்கு மேலால் தண்ணீர் ஊற்றினாள்.

மலர் அக்கா வரவில்லை. நான் இரண்டு தரம் வாசலைப் பார்த்தேன்.

பிண்டத்தை ஏரியில் கரைத்தோம். கரையில் வைத்த சோற்றுக்குக் காகம் வரவில்லை. வெள்ளைக் கடற்பறவை ஒன்று வந்து தின்றது.

“இதுவும் பறவைதானே” என்றாள் ஆரணி.

“ஓம்” என்றேன்.

9

சனிக்கிழமை வெள்ளனவே வெளிக்கிட்டோம். வடக்கே போகப் போக வீடுகள் குறைந்தன. ஆரணி பாதி வழி நித்திரை. நான் தொண்ணூறைத் தாண்டவில்லை. எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள்.

மலை சின்னன்தான். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கவுண்டரில் ஒரு பெட்டை பத்திரத்தை நீட்டினாள். சின்ன எழுத்து. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். ஆரணி விரலை வைத்துக்கொண்டே போனாள். ஒரு வரியில் சாவு என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தது. அந்தச் சொல்லை எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும். அதற்குப் பக்கத்திலும் போட்டேன்.

கடைசியில் ஒரு பெட்டி. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது. என் பெயரை எழுதினேன். பெட்டை தலையை ஆட்டினாள். நான் அங்கேயே நிற்கிறேனாம். வேறொருவர் வேண்டுமாம்.

பள்ளிக்கூடம், பல் வைத்தியர், நீச்சல் வகுப்பு, எங்கே என்றாலும் அந்தப் பெட்டியில் சுகந்தியின் பெயர்தான் இருந்தது. பேனை நின்றது. பின்னால் வரிசை நின்றது. ஆரணி என்னைப் பார்க்காமல் பத்திரத்தையே பார்த்தாள்.

மலர் அக்காவின் பெயரை எழுதினேன். நம்பர் மனப்பாடம். போன வருடம் எத்தனையோ தரம் அழுத்திய நம்பர்.

“எடுப்பாவோ?” என்று ஆரணி மெதுவாகக் கேட்டாள்.

“எடுப்பா.”

தலைக்கும் நாடிக்கும் சேர்த்து மூடுகிற தொப்பி, நெஞ்சுக்குத் தகடு, முழங்காலுக்குத் தகடு. எல்லாம் போட்டதும் அவள் யாரோ ஒருத்தி. மற்றப் பெண்பிள்ளைகளோடு கதிரையில் ஏறிப் போய்விட்டாள்.

நான் கீழே பாதை முடிகிற இடத்தில் நின்றேன். ஒன்றரை மணித்தியாலம். மரங்களுக்குள்ளேயிருந்து ஒவ்வொருவராகத் துப்பி விட்டதுபோல் வந்தார்கள். எல்லாரும் ஒரே தொப்பி, ஒரே சேறு. போனில் விட்பிப் படங்கள் வந்தன. சுகந்தியின் படத்துக்கு மாலை. வரிசையாகச் சாப்பாட்டுச் சட்டிகள். எனக்குத் தெரிந்த முகங்கள். மலர் அக்கா ஒரு படத்திலும் இல்லை. பரிமாறிக்கொண்டிருந்திருப்பார்.

ஒருத்தி வேகமாக வந்து என் முன்னால் பின்சில்லு வழுக்க நின்றாள். தொப்பியைக் கழற்றினாள். ஆரணி. சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து, மூச்சு வாங்கி, சத்தம் போட்டுச் சிரித்தாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களோ என்று. தாய் செத்த பிள்ளை இப்படிச் சிரிக்கிறதை யாராவது கண்டுவிட்டார்களோ என்று. ஒரு வருடப் பழக்கம். பக்கத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்தது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

“அப்பா, விழுந்தனான்! பாருங்கோ!” முழங்கையைக் காட்டினாள். தோல் போயிருந்தது. ரத்தம் சேற்றோடு கலந்திருந்தது.

“நோகுதோ?”

“ஓம்!” என்றாள். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

தண்ணீரால் கழுவினேன். கைலேஞ்சியால் கட்டினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்றும் வரவில்லை. கட்டு இறுக்கமாக இருக்கிறதோ என்று மட்டும் பார்த்தேன்.

“கிளாஸ் முடிஞ்சுது. இனி நாங்களா ஓடலாம். இன்னும் ஒருக்காப் போகட்டோ?”

“லிஃப்ட்டை எத்தினை மணிக்குப் பூட்டுறாங்கள்?”

“ஃபைவ்.”

“அஞ்சு மணிவரைக்கும் போ. ஒவ்வொரு முறையும் வந்து கேக்காதை.”

அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போய் வரிசையில் சேர்ந்தாள். இரண்டு பேர் முன்னால், மூன்று பேர் பின்னால். எல்லாரும் ஒரே மாதிரி. எந்தத் தொப்பி அவளுடையது என்று தவறவிட்டுவிட்டேன். கதிரைகள் ஒவ்வொன்றாக நிலத்தை விட்டு எழும்பி மேலே போயின.

எல்லாக் கதிரைக்கும் கை காட்டினேன்.